ஆச்சி பதில்கள்: கடல் எந்தப் பக்கம் வருது?

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், அரைப்பரீட்சை லீவுக்கு குடும்பத்தோட இலங்கைக்கு போயி கடலோரமா வண்டில சுத்தணும், எப்படி போறதுனு. தனித்தனியா பதில் எழுதுனா சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பேன், அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டேன். அடுப்படி கேள்வி கேட்டவுக அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

நாங்க ஏழு பேர் போறோம். எங்க ஆத்தாவுக்கு 74 வயசு, மக ஆறாப்பு, மகன் யூகேஜி. கொழும்புல எறங்கி பழைய கடலோர ரோட்லயே காலி, மாத்தறை, கதிர்காமம்னு போயிட்டு திரும்பி வர்றப்ப எக்ஸ்பிரஸ்வேல வேகமா வந்துரலாம்னு பிளான். சரியா இருக்குமா ஆச்சி?
– வாசகர், தேவகோட்டை

பிளான் நல்லாத்தான் இருக்கு, ஆனா தலைகீழா இருக்கு தம்பி. அத அப்படியே திருப்பிப் போடுங்க.

ஏன்னு சொல்றேன். மேப்ப எடுத்து வச்சுக்கிட்டு பாருங்க, கொழும்புல இருந்து காலிக்கு தெற்க போறோம், கடல் மேற்க, அதாவது வலது கைப்பக்கம். காலி தாண்டுனா ரோடு கெழக்க திரும்பும், கடல் தெற்க, அப்பவும் வலது பக்கந்தான். அங்கயும் நம்மள மாதிரி ரோட்டுக்கு எடது பக்கந்தான் ஓட்டணும். அப்ப போறப்ப கடலுக்கும் உங்களுக்கும் நடுவுல எதுத்தாப்புல வர்ற லேன் பூரா இருக்கும், அந்த லேன்ல பிரைவேட் பஸ்ஸு வர்ற வரத்து இருக்கே, அத நேர்ல பாத்தவுகளுக்குத்தான் தெரியும். நல்ல எடம்னு வண்டிய நிறுத்துனா ஆத்தாவையும் யூகேஜியையும் கையப் புடிச்சு ரோட்ட கிராஸ் பண்ணித்தான் கடலப் பாக்கணும். திரும்பி வர்றப்ப கடல் எடது பக்கம், நீங்களும் எடது பக்கம், வேன் கதவும் எடது பக்கந்தான் தொறக்கும், எறங்குனா நேரா மணல். அதனால போறப்ப எக்ஸ்பிரஸ்வே, வர்றப்ப கடலோரம்.

இன்னொரு சௌகரியம், சாமி மொதல்ல முடிஞ்சுரும். கதிர்காமத்த கடைசில வச்சீகன்னா வழி பூரா ஆத்தா "இன்னும் எவ்வளவு தூரம்"னு கேட்டுக்கிட்டே வருவாக, அவுகளும் கடலப் பாக்க மாட்டாக, மத்தவுகளயும் பாக்க விட மாட்டாக.

கட்டுநாயக்க ஏர்போர்ட்ல ஏறுனா கொழும்பு டவுனுக்குள்ள போகாமயே ஒரு எக்ஸ்பிரஸ்வேல இருந்து இன்னொண்ணுக்கு மாறி மாறி அம்பாந்தோட்டை வரைக்கும் போயிரலாம். 2011ல காலி வரைக்கும் தொறந்தாக, 2014ல மாத்தறை, 2020ல அம்பாந்தோட்டை. உள்பக்கமா ரப்பர் தோட்டம், வயக்காடுனு போகும், கடல் கண்ணுலயே படாது, அதனால அதுல போறப்ப பிள்ளைகள தூங்க விட்டுருங்க. ஏர்போர்ட்ல இருந்து கதிர்காமம் நாலரை அஞ்சு மணி நேரம் புடிக்கும், ஆத்தாவுக்கு ஒரே மூச்சா வேணாம், நடுவுல வெலிப்பன்னையில சர்வீஸ் ஏரியா இருக்கு, டாய்லெட் சுத்தமா இருக்கும், காப்பி குடிச்சுட்டு போங்க.

மொத நாள் ராத்திரி திஸ்ஸமகாராமைல தங்குங்க, அங்கிருந்து கதிர்காமம் இருபது கிலோமீட்டர் கூட இருக்காது. ரெண்டாம் நாள் பூரா கதிர்காமத்துக்குனு விட்டுருங்க. அதுக்கப்புறம் தங்கல்லை இல்லாட்டி திக்வெல்ல பக்கம் ஒரு ராத்திரி, மிரிஸ்ஸ வெலிகம பக்கம் ஒரு ராத்திரி, காலில ரெண்டு ராத்திரி, கடைசி நாள் காலில இருந்து கொழும்பு. அந்தக் கடைசித் துண்டு மட்டும் 115 கிலோமீட்டர் சொச்சம், கடலோரமா வர்ற மத்த நாளெல்லாம் நூறக்கூட தொட மாட்டீக. பழைய ரோட்ல மணிக்கு முப்பது நாப்பதுதான் ஓடும், அதுக்கு மேல எதிர்பாக்காதீக. "இன்னும் ரெண்டு எடத்த சேத்துக்கலாமே, கண்டி நுவரெலியாவையும் பாத்துரலாமே"னு வீட்ல ஒருத்தர் கெளம்புவாக, பெரும்பாலும் மாப்பிள்ளையாத்தான் இருக்கும், அவுகளுக்கு நல்ல வார்த்தை சொல்லி இன்னொரு வருஷத்துக்குனு தள்ளிருங்க. வண்டிய நிறுத்துறதுக்குத்தான் கடலோரமாப் போறோம், ஓட்டிக்கிட்டே இருக்குறதுக்கு சென்னை பைபாஸ் போதும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பிள்ளையார் நோன்பு என்னைக்குனு பாத்துக்கங்க, இழை எடுக்குற நாள் லீவுக்குள்ள வந்துருச்சுன்னா ஆத்தா கெளம்ப மாட்டாக. அதே மாதிரி அங்க பௌர்ணமி ஒவ்வொண்ணும் போயா தினம், அரசாங்க லீவு, கறிக்கடை சாராயக்கடை எல்லாம் மூடிருவாக, கோயில்ல கூட்டம் நெரியும். கதிர்காமம் போற நாள் பௌர்ணமில விழாம பாத்துக்கங்க.

எங்க வீட்டுக்காரவுக வெளிநாட்லயும் நானே ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. டிரைவர் வச்சா பிரைவசி போயிரும்ங்கிறாக. என்ன சொல்றது?
– வாசகி, காரைக்குடி

நம்ம ஊரு லைசென்ஸ மட்டும் காட்டி அங்க ஓட்ட முடியாதுனு மொதல்ல சொல்லுங்க. இங்க ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுக்கணும், அது ஒரு வருஷம் செல்லும், அதுக்கு மேல அந்த ஊர்லயும் ஒரு அனுமதி வாங்கணும். இத முடிச்சுட்டு ஓட்டலாந்தான், ஆனா ஓட்டுறவுக கடலப் பாக்க முடியாது ஆத்தா, பஸ்ஸத்தான் பாக்கணும். அஞ்சு நாள் பஸ் பின்பக்கத்தப் பாத்துட்டு வர்றதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

டிரைவரோட வேன் எடுங்க. அங்க கேடிஎச்னு கேளுங்க, டொயோட்டா ஹையேஸ் வேனுக்கு அந்த ஊர்ல எல்லாரும் சொல்ற பேரு அது, ஆறு ஏழு பேரு பொட்டி படுக்கையோட தாராளமா உக்காரலாம். ரேட் பேசுறப்ப நாலு விஷயத்த வாட்ஸாப்ல எழுதி வாங்கிக்கங்க: டீசல் சேத்தியா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதுக்கு மேல ஓடுனா கிலோமீட்டருக்கு எவ்வளவு, எக்ஸ்பிரஸ்வே டோலும் பார்க்கிங்கும் யாரு தலைல. டிரைவருக்கு சாப்பாடு தங்குற எடம் என்ன ஏற்பாடுனும் கேட்டுருங்க, அங்க நெறைய ஹோட்டல்ல டிரைவருக்குனு ரூம் வச்சுருப்பாக, புக் பண்றப்பவே கேட்டா சொல்லுவாக. கேக்காம போயி அந்தப் புள்ள ராத்திரி வேன்லயே படுத்து எந்திருச்சு மறுநாள் உங்க குடும்பத்த ஏத்திக்கிட்டு ஓட்டுனா யாருக்கு ஆபத்து?

தமிழ் தெரிஞ்ச டிரைவரா கேட்டு வாங்குங்க. தெக்குக் கடற்கரை பூரா சிங்களந்தான், டூரிஸ்ட் எடத்துல இங்கிலீஷ் ஓடும், ஆனா ரோட்டோரத்து தயிர்க்கடைல ஓடாது.

கதிர்காமத்துல சாமி சிலையே இல்லைங்கிறாகளே, அப்ப என்னத்தக் கும்புடுறது? மாமியாருக்கு முட்டி வலி, நடக்க முடியுமா?
– வாசகி, பள்ளத்தூர்

சிலை கண்ணுக்குத் தெரியாது, திரைதான். வள்ளி தெய்வானையோட முருகன் மயில் மேல இருக்குற மாதிரி வரைஞ்ச திரை தொங்கும், அதத் தொறக்க மாட்டாக. உள்ள பூஜை பண்றது ஐயர் இல்ல, கப்புராளைனு சொல்ற பரம்பரை பூசாரிக, வாயத் துணியால கட்டிக்கிட்டு உள்ள போவாக. நம்ம திரைக்கு இந்தப் பக்கம் நின்னுதான் கும்புடணும். அபிஷேகம் அலங்காரம்னு பாத்துப் பழகுன நம்ம கண்ணுக்கு மொதல்ல என்னமோ மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் நின்னா பழகிரும்.

சாயங்காலப் பூஜைக்குப் போங்க, ஆறரை மணி வாக்குல நடக்கும், அரை மணி நேரம் முன்னாடியே போயிருங்க. வெளில கடைகள்ல பழத்தட்டு விக்கிறாக, தர்பூஸு மாம்பழம் அன்னாசினு கலர் கலரா அடுக்கி பூ சுத்தி, அத வாங்கிக்கிட்டு வரிசைல நிக்கணும். தட்ட உள்ள வாங்கி ஒரு பங்க எடுத்துக்கிட்டு மிச்சத்த பிரசாதமாத் திருப்பிக் குடுப்பாக, பிள்ளைகளுக்கு அங்கயே வெட்டிக் குடுங்க. தேங்காய் ஒடைக்கிறதுல ஒரு வழக்கம் இருக்கு, தேங்காய் மேல கற்பூரத்த வச்சு கொளுத்தி, ரெண்டு கைலயும் ஏந்திக்கிட்டு வேண்டிக்கிட்டு அப்புறம் ஓங்கி கல்லுல அடிக்கணும். நெருப்பு எரியிறப்ப பிள்ளைக கையில குடுக்காதீக, சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிக்கங்க.

சிங்களவுக, தமிழவுக எல்லாம் ஒண்ணாத்தான் நிப்பாக, அதே வளாகத்துல பள்ளிவாசலும் இருக்கு, பின்னால நடந்தா கிரி விகாரைனு வெள்ளை தாகபா, அதாவது புத்த ஸ்தூபி. வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு வர்றதுதான் அங்க வழக்கம், நம்ம பட்டுச்சேலைல போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, ஆனா வேர்த்து ஊத்தும்.

மாமியார் விஷயம். மாணிக்க கங்கை ஆத்த தாண்டி கோயில் வரைக்கும் சமதளந்தான், மெதுவா நடந்தா போயிரலாம், செருப்பில்லாம நடக்கணும்ங்கறதால மத்தியான வெயில்ல கூட்டிக்கிட்டுப் போகாதீக. கதிரமலை ஏறணும்னு ஆசைப்பட்டா ஜீப் இருக்கு, செங்குத்தா ஏறும், முட்டி வலிக்குத் தேவலாம், முதுகு வலிக்கு ஆகாது. செல்லக்கதிர்காமம் பக்கத்துலயேதான், பிள்ளையார் கோயில், அங்க வேன்லயே போயிரலாம்.

நாங்க சுத்த சைவம். தெக்குப் பக்கம் பூரா மீனுதானாமே, ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகவா?
– வாசகி, கானாடுகாத்தான்

குக்கரெல்லாம் வேணாம். அங்க சோறும் கறியும்னு கேட்டா நாலஞ்சு காய் வரும், பருப்பு, பலாக்காய், பீட்ரூட், கீரைச் சுண்டல், எல்லாம் தேங்காய்ப்பால்ல. காலைல இடியாப்பம், ஆப்பம், பருப்பு. இதுல எங்க மாட்டிக்கிருவீகன்னா சம்பல்ல, நம்ம துவையல் மாதிரி. தேங்காய்ச் சம்பல், கத்திரிக்காய், கீரை எல்லாத்துலயும் மாசிக்கருவாட்ட இடிச்சுத் தூவிருவாக, அவுகளுக்கு அது மீன் கணக்கே இல்ல, நம்ம பெருங்காயம் போடுற மாதிரி கைப்பழக்கம். "வெஜ்ஜா"னு கேட்டா ஆமாம்பாக. அதனால "உம்பலகட எபா"னு சொல்லுங்க, மாசி வேணாம்னு புரிஞ்சுக்கிருவாக, புதுசா அரைச்சே குடுப்பாக.

விடக்கூடாத ஒண்ணு, அம்பாந்தோட்டை திஸ்ஸ பக்கம் ரோட்டோரமா வரிசையா தொங்குற எருமைத்தயிர். மண்சட்டில ஒறைய வச்சு ஓலை உறில தொங்க விட்டுருப்பாக, சட்டியோடதான் விப்பாக. கரண்டி போட்டா கட்டியா வெட்டுப்பட்டு வரும், மேல ஏடு படிஞ்சிருக்கும், அதுல கித்துல் பாணி ஊத்தித் திங்கணும், கித்துல்னா கூந்தல்பனைப் பதனில காச்சுன பாகு, கருப்பட்டியவிட மணம் லேசா புகைவாடையோட இருக்கும். கடைக்காரவுககிட்ட பாணி சுத்தமானதானு மொகத்துக்கு நேரா கேக்காதீக, மொதல்ல ஒரு சொட்டு கையில வாங்கி நக்கிப் பாருங்க, வெறும் சீனிப்பாகுன்னா நாக்கு சொல்லிரும்.

ஆச்சி, ஹிக்கடுவ, உனவட்டுன எல்லாம் ரீல்ஸ்ல செமையா இருக்கு. எனக்கு நல்லா நீச்சல் தெரியும், அம்மாதான் கடல்ல எறங்கவே கூடாதுங்குறாங்க.
– காலேஜ் மாணவர், ராயவரம்

எந்தத் தண்ணில நீச்சல் தெரியும் தம்பி? ஊருணிலயும் கெணத்துலயும் நீந்துறது வேற, அங்க தண்ணி சும்மா கெடக்கும், கடல் உன்ன இழுக்கும். அம்மா சொல்றதுல பாதி சரி.

ரிப் கரண்ட்னு ஒண்ணு இருக்கு, அத நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு போ. அலை அலையா கரைக்கு வந்து குவியிற தண்ணி எல்லாம் திரும்ப கடலுக்குப் போகணும்ல, அது பரவலாப் போகாது, ஒரு எடத்துல வாய்க்கால் மாதிரி கூடி வேகமா வெளில ஓடும். பாக்குறதுக்கு எப்படி இருக்கும்னா ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா ஒடைஞ்சுக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு துண்டு மட்டும் அலையே இல்லாம அமைதியா, கொஞ்சம் கலங்கலா இருக்கும். தெரியாதவுக அதப் பாத்துட்டு "இங்கதான் அலை கம்மி, பிள்ளைகள எறக்கு"ம்பாக. அதுதான் இழுக்குற எடம். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தாத, எப்பேர்ப்பட்ட நீச்சக்காரனும் அத எதுத்து ஜெயிக்க முடியாது, சோந்துதான் போவான். கரைக்கு பக்கவாட்டுல நீந்தி அந்த ஓட்டத்த விட்டு வெளில வா, அப்புறம் அலை உன்ன தள்ளிக்கிட்டு வந்துரும். முடியலன்னா மல்லாக்க மெதந்துக்கிட்டு கைய ஆட்டு.

செகப்புக் கொடி பறந்தா கால கூட நனைக்காத. சின்னதுக எறங்கணும்னா மாத்தறை பக்கம் பொல்ஹேன இருக்கு, முன்னால பவளப்பாறை அணை மாதிரி கட்டி நிக்கிறதால உள்ள ஆழமில்லாம இருக்கும். உனவட்டுனவும் வளைகுடாதான், டிசம்பர்ல பரவாயில்ல. தங்கல்லை பாக்க அழகு, எறங்க ஆகாது.

ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க, ஹிக்கடுவ பக்கத்துல பெரலியனு ஒரு ஊரு, ரயில்பாதை கடலோரமாவே போகும். 2004 டிசம்பர் 26 சுனாமில அங்க ஒரு ரயிலே அடிச்சுட்டுப் போயிருச்சு, மொத அலைக்கு பயந்து ஊரு ஜனமெல்லாம் ரயில் ஒசரமா இருக்குனு அதுல ஏறிக்கிட்டாக, அடுத்த அலைல போயிட்டாக, ஆயிரத்துக்கு மேல செத்துப்போனாக. ரயில் விபத்துல உலகத்துலயே இவ்வளவு பேரு செத்தது வேற எங்கயும் இல்ல. நாகப்பட்டினம் வேளாங்கண்ணில நம்ம பட்டதும் அதே நாள்தான். ரோட்டோரத்துலயே நினைவிடம் இருக்கு. 26ம் தேதி அந்தப் பக்கம் போனா நினைவஞ்சலி நடக்கும், அங்க நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்காத.

எங்க ஐயா காலத்துல கொழும்புல கடை இருந்துச்சாம், வீட்ல இப்பவும் கொழும்பு மரப்பெட்டி ஒண்ணு கெடக்கு. கடற்கரையும் பாக்கணும், நம்ம ஆளுக இருந்த எடமும் பாக்கணும். எங்க போகலாம்?
– வாசகர், கண்டனூர்

கொழும்பு கடைசி நாள்ல ஒரு காலைப்பொழுத செட்டியார் தெருவுக்கு வச்சுக்கங்க அண்ணே. புறக்கோட்டைல இருக்கு, இங்கிலீஷ்ல சீ ஸ்ட்ரீட். இப்ப வரிசையா நகைக்கடை, நடுவுல பழைய கதிரேசன் கோயில், புதுக் கதிரேசன் கோயில். ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்கு போகும். நம்மாளுக கொண்டுவிக்கப் போன எடத்துலெல்லாம் மொதல்ல முருகனுக்கு எடம் புடிச்சுட்டுத்தான் பெட்டகம் வச்சாக. வேன உள்ள விட முடியாது, கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எறங்கி த்ரீவீல்ல, நம்ம ஆட்டோதான், போயிருங்க.

ஆனா உங்களுக்குனு நான் சொல்லணும்னு நெனச்சது வேற. மாத்தறை தாண்டுனதும் தெவிநுவரனு ஊரு, நம்ம பழைய பேச்சுல தேவேந்திரமுனை, தென்னாவரம். இலங்கைக்கு தெக்கு முனையே அதுதான். 1890ல கட்டுன லைட்ஹவுஸ் நிக்கிது, 49 மீட்டர், அந்த நாட்லயே ஒசரமானது. அது காலடில நின்னு தெக்க பாத்தா அண்டார்டிகா வரைக்கும் வெறும் தண்ணிதான். இந்த ஊர்ல ஒரு காலத்துல கடல்ல வர்ற கப்பலுக்கெல்லாம் தெரியிற மாதிரி பெரிய கோயில் இருந்துச்சு, 1588ல போர்த்துக்கீசுக்காரன் ஒடைச்சுட்டான். இப்ப அங்க விஷ்ணு கோயில் இருக்கு.

அந்தக் கோயில் சாமிய தென்னாவரை நாயனார்னு சொல்லி தமிழ்ல ஒரு கல்வெட்டு இருக்கு, வெட்டுனது யாருன்னு நெனைக்கிறீக? சீனாக்காரவுக. செங் ஹோங்கற கடற்படைத் தளபதி கொண்டாந்த கல்லு, 1409னு தேதி போட்டுருக்கு, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி. சீனத்துல புத்தருக்கு, தமிழ்ல தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்துல இஸ்லாமியவுக வழிபாட்டுக்கு, மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பொன்னு வெள்ளி பட்டுனு காணிக்கை. 1911ல காலில சாக்கடை மேல மூடியாக் கெடந்தத ஒரு இன்ஜினியர் கண்டுபுடிச்சு எடுத்தாரு. கல்லு இப்ப கொழும்பு நேஷனல் மியூசியத்துல இருக்கு. அந்தக் கடற்கரைல யாவாரம் பண்ணணும்னா தமிழ் தேவைப்பட்டுச்சுங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்? தெவிநுவரைல முனையப் பாத்துட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சு கொழும்புல அந்தக் கல்லையும் பாருங்க, இந்த ரெண்டும் சேந்தாத்தான் கதை முடியும்.

காலிக் கோட்டையும் உங்களுக்குப் புடிக்கும். 1988ல இருந்து யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. பழைய வாசல்ல வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம், உள்பக்கம் டச்சு கம்பெனி சின்னம், 1669னு போட்டு, ரெண்டு சிங்கத்துக்கு மேல சேவல் நிக்கும், பிள்ளைகள கண்டுபுடிக்கச் சொல்லுங்க. மதில் மேல சாயங்காலம் ஒரு சுத்து நடங்க, உள்ள தெருவுல டச்சு வீடுக தூணு வச்ச தாழ்வாரமும் நடுமுற்றமுமா இருக்கும், எங்க ஊர்க்காரவுக ஒருத்தர் ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு "கதவு நம்ம கதவுல பாதி கனங்கூட இல்ல"ன்னாக. செட்டிநாட்டுக்காரவுகள எங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் கதவத்தான் தட்டிப் பாப்பாக.

மிரிஸ்ஸல திமிங்கலம் பாக்கப் போகலாமா?
– வாசகி, நாச்சியாபுரம்

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், டிசம்பர்ல கெடைக்கிற வாய்ப்பு நல்லாவே இருக்கு. அந்தப் பக்கம் கரைல இருந்து கொஞ்ச தூரத்துலயே கடல் திடீர்னு ஆழமாயிரும், அதனாலதான் நீலத்திமிங்கலம் கிட்டக்க வருது. விடியக்காலைல போட்டு கெளம்பும், நாலஞ்சு மணி நேரம் ஆகும், பாதிப்பேரு வாந்திதான். வாந்தி மாத்திரைய ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே போட்டுக்கணும், போட்டு ஆட ஆரம்பிச்சப்புறம் போட்டா வேலைக்காகாது. யூகேஜி வயசுப் பிள்ளைகளயும் பெரியவுகளயும் கரைல விட்டுட்டுப் போங்க. திமிங்கலத்த வெரட்டிக்கிட்டுப் போற போட்டுக்காரவுக இருக்காக, தள்ளி நிறுத்திப் பாக்குற கம்பெனியா விசாரிச்சு ஏறுங்க.

எங்களுக்கு மே மாசந்தான் லீவு கெடைக்கும். அப்ப போனா?
– வாசகர், புதுவயல்

மே மாசத்துல தெக்குப் பக்கம் போகாதீக. தென்மேற்கு பருவமழை அங்க மே கடைசிலயே எறங்கிரும், கடல் மொரண்டு புடிக்கும். உங்களுக்கு கெழக்குக் கரைதான், மட்டக்களப்புல இருந்து திருகோணமலை. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க கடல் கொளம் மாதிரி கெடக்கும். சொல்லப்போனா குடும்பத்துக்கு அதுதான் லேசு, வழி பூரா தமிழ், டிரைவருக்கு மொழிபெயர்ப்பு வேலையே இல்ல. பாசிக்குடால இடுப்பளவு தண்ணில ரொம்ப தூரம் நடக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அதவிட நல்ல எடம் அந்த நாட்ல இல்ல. திருகோணமலைல சுவாமி மலை உச்சில கோணேசர் கோயில், சம்பந்தர் பாடுன தலம், கீழ எட்டிப் பாத்தா நேரா கடல். பக்கத்துல கன்னியா வெந்நீர் ஊத்து, ஏழு கெணறு ஏழு சூடு. முன்னெல்லாம் இந்த ரோட்ல கழிமுகத்துக்கு கழிமுகம் வண்டிய படகுல ஏத்தி எறக்கணும், இப்ப எல்லாம் பாலந்தான், கிண்ணியாப் பாலம் 2009ல தொறந்தது. வெயில் மட்டும் நம்ம ஊரு வெயிலுக்கு கொறையாது, பதினோரு மணிக்கு மேல பிள்ளைகள மணல்ல விடாதீக.

ரெண்டு குடும்பம் ஒரே வேன்ல போறோம், நாங்களும் எங்க நாத்தனார் வீடும். சண்டை வராம இருக்க வழி?
– பேர் போட வேணாம்னு கேட்ட வாசகி

வழி இல்ல ஆத்தா. காசக் கொண்டு போயி ஒரே பையில போட்டு ஒரே ஆளுகிட்ட குடுத்துருங்க, டீக்கு நான் குடுத்தேன் டோலுக்கு நீ குடுத்தனு பேச்சு வராது. முன் சீட்டு தினம் ஒருத்தருக்கு. மிச்சம் உங்க சாமர்த்தியம்.

பலகாரம் என்னென்ன எடுத்துட்டுப் போகலாம்? நகை போட்டுட்டுப் போகலாமா?
– வாசகி, கீழச்சிவல்பட்டி

நகைய கொறைச்சுக்கங்க. கழுத்திருவப் போட்டுக்கிட்டா போகப்போறீக? தாலிச்சங்கிலி, ரெண்டு வளையல் போதும். அதுக்கு மேல போட்டே ஆகணும்னா கெளம்புறப்ப நம்ம ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்கிட்ட காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கங்க, இல்லாட்டி திரும்பி வர்றப்ப உங்க சொந்த நகைக்கு நீங்களே கணக்கு சொல்லணும், செட்டியார் தெரு பக்கம் போயிட்டு வந்தவுகன்னா கேக்கவே வேணாம்.

இலங்கைக்குள்ள போறதுக்கான ஈடிஏ அனுமதிய ஆன்லைன்ல எடுக்குறப்ப அரசாங்க சைட்ல மட்டும் எடுங்க, அதே மாதிரி தோற்றத்துல கூடுதல் காசு புடுங்குற சைட்டுக இருக்கு. பிள்ளைக பாஸ்போர்ட் அஞ்சு வருஷந்தான் செல்லும், பெரியவுகளது பத்து வருஷம் இருக்கேனு அசந்துறாதீக, எல்லாருக்கும் ஆறு மாசம் பாக்கி இருக்கணும். 2024ல இருந்து நம்ம யூபிஐ அங்க ஓடுது, ஆனா தயிர்க்கடை, பழத்தட்டுக் கடைக்கு ரொக்கம் வச்சுக்கங்க.

பலகாரத்துல சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை தாராளமா எடுத்துட்டுப் போங்க, பழமும் காயும் செடியும் மட்டும் வேணாம், அங்க செக் பண்ணுவாக. ஊறுகாய் எண்ணெய்ச் சமாச்சாரமெல்லாம் பெரிய பொட்டில. திரும்பி வர்றப்ப கதிர்காமத்துத் தேங்காய காய வச்சு மூட்டை கட்டாதீக, கொப்பரை ஃப்ளைட்ல ஏறாது, தீப்புடிக்கிற சாமான்னு எடுத்து வெளில வச்சுருவாக, பிரசாதம்னு சொன்னாலும் கேக்க மாட்டாக. தேன்குழல் டின்ன கையிலயே வச்சுக்கங்க, பொட்டில போட்டா கொழும்புல எறங்குறப்ப மாவாத்தான் கெடைக்கும்.